ஞானமேரியின் இடது சிறுநீரகம்

ராயகடா மாவட்டம், ஒடிசா
12 ஜனவரி 2025

ராஜு,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அதைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அன்பு இல்லாமல் இல்லை. கோபம் அதைவிட ஒரு முழம் கூடுதலாக இருக்கிறது.

உன் மனைவி மோனிஷா எழுதிய கடிதம் நேற்று வந்தது. உனக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லையாமே. பதினான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று நாள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பஸ் ஏறி தர்மபுரிக்குப் போய், மெஷினில் படுத்து எழுந்து வருகிறாயாமே. பதினான்கு மாதம்! ஒரு எருமை சினை பிடித்துக் கன்று போட்டு, அந்தக் கன்று புல் கடிக்கவே ஆரம்பித்திருக்கும். கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அந்தப் பெண்ணிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய், ஜெபமாலையில் கை வைத்து.

நானும் இரண்டரை வருஷமாக எழுதவில்லைதான். ஏன் என்று இப்போது சொல்லப் போவதில்லை.

கடிதத்தைப் படித்ததும் மலையிறங்கி மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனேன். எனக்கு என்ன தெரியும், விடுதியில் நூற்றிமுப்பது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள் நான். அவர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கைமுட்டி அளவுதானாம் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூற்றெண்பது லிட்டர் வடிகட்டுமாம். எங்கள் சமையல்கட்டில் இருக்கிற பெரிய அண்டாக்கள் இரண்டையும் நிரப்பினால்கூட அவ்வளவு வராது. சத்தம் இல்லை, சம்பளம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. நாற்பத்தாறு வருஷமாக என் முதுகுப் பக்கம் இரண்டு பேர் இப்படி உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. எத்தனையோ புனிதர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், இவர்களுக்குச் சொன்னதில்லை. நேற்று ராத்திரி ஜெபத்தில் சொன்னேன்.

ஒருவர் உயிர் வாழ ஒன்று போதும் என்றார் டாக்டர். என்னிடம் இரண்டு இருக்கிறது. மோனிஷாவுக்கு சர்க்கரை, இரத்தப் பிரிவும் வேறு. உன்னுடையது பி பாசிடிவ், என்னுடையதும் அதேதான். ஆகவே மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது?

இந்த மலையில் டவர் கிடையாது. கீழே போய்ப் போன் போட்டால் நீ கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. பதில் எழுது.

ஞானமேரி


பாப்பிரெட்டிப்பட்டி
2 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மோனிஷாவுக்கு முதலில் நல்ல திட்டு விழுந்தது. திட்டி முடித்ததும் அவள் என்னைத் திட்டினாள். அவள் திட்டுதான் நீளம்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்பை வாரத்தில் மூன்று நாள் திறக்கிறேன். மற்ற மூன்று நாள் என்னையே சர்வீசுக்கு விடுகிறேன், அவ்வளவுதான். இடது கையில் இரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் வண்டி ஐடிலிங்கில் நிற்கிற மாதிரி கிர்ரென்று ஒரு அதிர்வு. நாலு மணி நேரம், உடம்பிலிருக்கிற இரத்தம் முழுக்க வெளியே போய், ஒரு முழ நீளக் குழாயில் கசடு நீங்கித் திரும்பி வருகிறது. நான் எத்தனை வண்டிக்கு ஆயில் ஃபில்டர் மாற்றியிருப்பேன்! முதல் நாள் அந்த மெஷினைப் பார்த்து வாயைப் பிளந்தேன். இவ்வளவு பெரிய மெஷின் நாலு மணி நேரம் திணறிச் செய்கிற வேலையை உள்ளே இரண்டு கொட்டை சும்மா செய்துகொண்டிருந்ததா என்று.

பக்கத்துக் கட்டிலில் கவுஸ் பாஷா என்று ஒரு அண்ணன், தர்மபுரியில் பாத்திரக்கடை. அவர்தான் எனக்கு வழிகாட்டி. "தம்பி, நாம இங்க படுத்தே கெடக்கோம். நம்ம ஃபைல்தான் நடக்கணும்" என்பார். வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் கொடுத்து, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்க வைத்தவர் அவர்தான். டயாலிசிஸ் அதில்தான் ஓடுகிறது. மாற்று ஆபரேஷனும் அதில் உண்டு. ஆனால் அதற்கு எத்தனை கதவு தெரியுமா? ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒன்று, இன்சூரன்ஸ்காரர்களின் டாக்டர்கள் வேறு. கொடுக்கிறவர் யார், வாங்குகிறவருக்கு என்ன உறவு, அதற்கு என்ன அத்தாட்சி என்று துருவுவார்கள். நீ ஒடிசாவில் இருக்கிறாய். மடத்துக்காரியின் பெயர் எந்தக் குடும்ப அட்டையிலும் இருக்காது. உங்கள் மதரும் விடமாட்டார்.

அதனால் இந்தப் பேச்சை விடு. மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஜெபம் பண்ணு, போதும்.

சின்னப்பராஜ்


ராயகடா
21 பிப்ரவரி 2025

ராஜு,

ஜெபம் பண்ணு, போதும் என்கிறாய். எனக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்க நீ எப்போது பங்குச் சாமியார் ஆனாய்?

மதரிடம் கேட்டேன். "ஜெபித்து முடிவெடுத்தீர்களா சிஸ்டர்?" என்றார். "முடிவெடுத்துவிட்டேன் மதர், ஜெபம் இனிமேல்தான்" என்றேன். சிரித்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதி அனுமதிக் கடிதம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு ஆள் தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்க இத்தனை முத்திரை வேண்டியிருக்கிறது. நியாயம்தான், இல்லாதவர்களிடமிருந்து பிடுங்குகிற ஆட்களும் இருக்கிறார்களே. இருப்பிடச் சான்றுக்கு இங்கே தாசில்தார் ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் மாற்று ஆபரேஷன் வேலைகளை ஒருங்கிணைக்கிற பெண், பிரியதர்ஷினி, அவர் நம்பரை மோனிஷா அனுப்பினாள். கீழே போய்ப் பேசினேன். மார்ச் மூன்றாம் தேதி வரச் சொல்லிவிட்டார். சேலத்தில் எங்கள் மடத்திலேயே தங்குவேன். உன் வீட்டுக்கு வந்து உனக்குத் தொந்தரவு தரமாட்டேன்.

உன் காகிதங்களையெல்லாம் ஒரே ஃபைலாக அவரிடம் கொடுத்து வை. முக்கியமாக நாம் இருவரும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் என்பதற்கு என்ன இருக்கிறதோ அதை.

ஞானமேரி


சேலம்
18 மார்ச் 2025

ராஜு,

இங்கே போன் எடுக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் செய்கிறேன். உன் குரலைக் கேட்டால் நான் திட்ட நினைத்ததெல்லாம் மறந்துவிடும்.

நான் வந்து பதினைந்து நாள் ஆகிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் உனக்கு டயாலிசிஸ் வந்துவிடுகிறது, என்ன ஆச்சரியம்! ஒவ்வொரு தடவையும் மோனிஷாதான் சாப்பாட்டுக் கூடையோடு வருகிறாள். நல்ல பெண். உன்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர வேறு தப்புச் செய்யாதவள்.

என்னை எப்படியெல்லாம் பார்த்துவிட்டார்கள் தெரியுமா! பல் டாக்டர், கண் டாக்டர், இருதய டாக்டர், பெண்கள் டாக்டர், கடைசியில் மனநல டாக்டர். இருபத்துநான்கு மணி நேரத்துச் சிறுநீரையும் ஐந்து லிட்டர் கேனில் பிடித்துவரச் சொன்னார்கள். மடத்தில் இதை எங்கே வைப்பது? காலைத் திருப்பலிக்கும் துணிப்பைக்குள் போட்டு எடுத்துப் போனேன். சாமியார் பிரசங்கத்தில் காணிக்கை பற்றிப் பேசுகிறார், எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

பிறகு ஸ்கேன். மருந்து ஏற்றிப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் சுற்றிச் சுற்றிக் காட்டினார்கள். ராஜு, நான் பார்த்தேன். இருட்டுக்குள் இரண்டு கொத்து. ஒவ்வொன்றிலும் இரத்தக்குழாய் கிளையாகி, கிளை நரம்பாகி, நரம்பு நூலாகி, நூலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இதையெல்லாம் யார் உட்கார்ந்து பின்னினார்கள்? ஒன்றை எடுத்த பிறகு மிச்சம் இருப்பது மெல்ல மெல்லப் பெருத்து மற்றதன் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளுமாம். யாரும் போய் அதனிடம் சொல்ல வேண்டாமாம்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. திசுப் பொருத்தம் பார்த்தார்கள் அல்லவா, அந்த முடிவு இன்று வந்தது. பிரியதர்ஷினி என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "சிஸ்டர், ஆறுக்கு ஆறுங்க. கூடப் பொறந்தவங்கள்லயே நாலுல ஒருத்தருக்குத்தான் இப்படி அமையும்." அம்மாவிடமிருந்து நீ எதை எடுத்தாயோ அதையே நானும், அப்பாவிடமிருந்து நீ எதை எடுத்தாயோ அதையே நானும் எடுத்து வந்திருக்கிறேன். ஐந்து வருஷ இடைவெளியில், ஒருவரை ஒருவர் கேட்காமல்! நான் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இனி உறவுக்கான அத்தாட்சி ஒன்றுதான் பாக்கி. அப்பாவின் வாரிசுச் சான்றிதழைக் கேட்கிறார்கள். நீ ஃபைலே இன்னும் கொடுக்கவில்லையாம். ஏன்?

ஞானமேரி


பாப்பிரெட்டிப்பட்டி
26 மார்ச் 2025

அக்கா,

நேற்று பிரியதர்ஷினி மேடத்துக்குப் போன் செய்து, எனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். இதுவரை மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

அந்த வாரிசுச் சான்றிதழில் உன் பெயர் இல்லை.

அப்பா போன பிறகு, கிணற்றுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க நிலத்தை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. வாரிசு யார் யார் என்று கேட்டார்கள். ஒரே பையன் என்று சொன்னேன். உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு ஜானகியம்மாளையும் இன்னொருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, எல்லாம் நானே செய்தது.

ஏன் செய்தாய் என்று நீ கேட்பாய். நம் சனங்கள் மடத்துக்குப் போன பெண்ணைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். 'ஆண்டவருக்குக் குடுத்தாச்சு' என்பார்கள். கொடுத்த பிறகு வீட்டுக் கணக்கில் ஏது? உன் பெயரைப் போட்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒடிசாவிலிருந்து உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். இது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ மடத்துக்குப் போனபோது எனக்குப் பதினாறு வயசு. அம்மாவும் இல்லாத வீட்டில் என்னை விட்டுவிட்டுப் போனாய். நீயாகப் போனவள்தானே, இருந்துவிட்டுப் போ என்று ஒரு காய்ச்சல் எனக்குள் இருந்தது. அந்தக் காய்ச்சலில்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பார். உன் இரத்தமும் என் இரத்தமும் ஆறுக்கு ஆறு. காகிதத்தில் நீ எனக்கு யாரோ. யாரோ ஒருவர் சிறுநீரகம் கொடுத்தால் அதை விற்பனை என்றுதான் சந்தேகப்படுவார்கள். ஒரு மடத்துச் சிஸ்டரைக் கமிட்டி முன்னால் அப்படி உட்கார வைக்க மாட்டேன். சான்றிதழைத் திருத்தலாம் என்றால், பொய் உறுதிமொழிக்குக் கேஸ் போடுவார்களோ, ஊர் முழுக்கத் தெரியுமோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே, உனக்கு அப்படிச் செய்துவிட்டு உன் உடம்பிலிருந்து ஒன்றை வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது அக்கா.

மெஷினே போதும். நீ ஊருக்குக் கிளம்பு.

ராஜு


சேலம்
1 ஏப்ரல் 2025

ராஜு,

எனக்குத் தெரியும்.

இரண்டரை வருஷமாகத் தெரியும். அப்பாவின் முதல் வருஷத் திருப்பலிக்கு வந்தேனே, அன்று ஜானகியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய மன்னிச்சிரு ஞானம், உன் தம்பி சொன்னான்னு கையெழுத்து போட்டுட்டேன்" என்று அழுதது. நீ பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தாய். நான் இலையில் உட்காராமல் பொம்மிடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அங்கே ரயில்வே ஸ்டேஷனில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ தேடி வருவாய் என்று பார்த்தேன்.

நிலத்தைப் பற்றி நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஏழ்மை வாக்குக் கொடுத்தவளுக்கு ஒன்றரை ஏக்கர் எதற்கு? ஒரு கார்டு போட்டிருந்தால் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு ஒரே பிள்ளை என்று சொன்னாயே. அதற்கு அழுதேன். என்னை ஆண்டவருக்குக் கொடுத்தது உண்மைதான், ஆண்டவர் என்னைப் பிறக்காதவள் ஆக்கிவிட்டாரா?

உன் காய்ச்சலையும் படித்தேன். பதினாறு வயசுப் பையனை விட்டுவிட்டுப் போனேன். அழைப்பு என்று போனேன், அது பொய் இல்லை. ஆனால் அன்று பஸ் கிளம்பியபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டேன். அதை உனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. அது என் தப்பு, வைத்துக்கொள்.

இப்போது நான் சொல்வதைக் கேள். மெஷினே போதும் என்று நீ சொல்வதை நம்ப நான் ஒன்றும் விடுதிப் பிள்ளை இல்லை. உன் இருதயம் களைத்துவருகிறது என்று டாக்டர் மோனிஷாவிடம் சொல்லியிருக்கிறார். அதை நீ எனக்கு எழுதவில்லை. தாலுகா ஆபீசுக்குப் போ. பொய் சொன்னேன், அக்கா இருக்கிறாள் என்று எழுதிக் கொடு. கேஸ் வந்தால் உயிரோடு இருந்து நடத்து. உனக்கு வெட்கமாக இருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டே போ. வெட்கத்தால் யாரும் சாகவில்லை, சிறுநீரகம் இல்லாமல் செத்திருக்கிறார்கள்.

ஈஸ்டர், உயிர்ப்புத் திருவிழா வரை இங்கே இருப்பேன். அதற்குள் நீ போகாவிட்டால் நான் ராயகடாவுக்குத் திரும்ப வேண்டும். நூற்றிமுப்பது பிள்ளைகள் சாப்பிடக் காத்திருக்கிறார்கள். உனக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

அக்கா


பாப்பிரெட்டிப்பட்டி
24 மே 2025

அக்கா,

நீ சேலத்திலேயே தங்கிவிட்டதற்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய். எழுதாவிட்டாலும் திட்டுவாய். போனில் நாலு வார்த்தையில் சொன்னதை இப்போது முழுசாக எழுதுகிறேன்.

உயிர்ப்புக்கு நாலு நாள் முன்னால் தாலுகா ஆபீஸ் போனேன். தாசில்தார் ஒரு அம்மா. மனுவைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே வாரிசுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப அக்கா எங்கிருந்து வந்தாங்க?"

"அவங்க எனக்கு முன்னாடியே வந்தவங்கங்க. நாந்தான் மறைச்சேன்."

"எதுக்கு மறைச்சீங்க?"

"அவங்க கன்னியாஸ்திரிங்க மேடம். சாமிக்குன்னு போனவங்களுக்கு வூட்ல என்ன பங்குன்னு நெனச்சிட்டேனுங்க."

"நீங்க நெனச்சா ஆச்சா?"

"ஆவாதுங்க."

"இப்ப மட்டும் எதுக்கு வந்தீங்க?"

சட்டைக் கையைச் சுருட்டி, தையல் போட்ட இடத்தைக் காட்டினேன். "அவங்க கிட்னி குடுக்கறாங்க மேடம்" என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு, விசாரணை நடக்கும், பொய் உறுதிமொழிக்கு நடவடிக்கை வந்தாலும் வரும் என்று சொல்லி, அது எனக்குத் தெரியும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பயந்ததில் பாதிகூட இல்லை அக்கா. மூன்று வருஷமாக இதையா சுமந்தேன் என்று இருந்தது.

விசாரணைக்கு நம் தெருவுக்கே வந்தார்கள். ஜானகியம்மாள் முதல் ஆளாக வந்து, "அன்னிக்கு இவன் சொன்னதுக்குப் போட்டேன் சாமி. இன்னிக்கு யாரும் சொல்லாமயே போடறேன், கொண்டா பேனாவ" என்றது. பங்குச் சாமியார் ஞானஸ்நானப் பதிவின் நகலோடு வந்தார். பிறகு தெருவே கூடிவிட்டது. கணக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்று ஒருவர், அம்மை போட்டிருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டாய் என்று ஒருவர், தாவணியோடு சைக்கிள் ஓட்டிக் கிணற்று மேட்டில் விழுந்தாய் என்று ஒருவர். விசாரிக்க வந்தவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் ஓரமாக நின்று அழுதேன். ஒரு பெயரைத்தான் மறைத்தேன் என்று நினைத்திருந்தேன், அவர்கள் ஒரு ஆளையே கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்கள்.

புதுச் சான்றிதழ் போன வாரம் கைக்கு வந்தது. வாரிசுகள் இருவர். பிரியதர்ஷினி மேடம் அதை ஃபைலில் சேர்த்து இன்சூரன்ஸுக்கு ஏற்றினார். ஒரு தடவை உறவு பற்றி விளக்கம் கேட்டுத் திருப்பினார்கள். பழையது எப்படித் தப்பானது என்று நானே கைப்பட எழுதிக் கொடுத்தேன். நேற்று டயாலிசிஸில் இருந்தபோது இன்சூரன்ஸ் அனுமதி வந்துவிட்டது என்று போன். கவுஸ் பாஷா அண்ணன் ஊசி போட்ட கையோடேயே எழுந்து உட்காரப் பார்த்தார், நர்ஸ் அதட்டிப் படுக்க வைத்தார். "அல்லா பெரியவன் தம்பி, ஃபைல் நடந்திருச்சு" என்று சத்தம் போட்டார். அவருக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அவர் எனக்காகச் சிரித்தது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

உன் பாதி நிலத்தை உன் பெயருக்கு எழுதி வைத்துவிடுகிறேன்.

ராஜு


சேலம் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி
9 ஜூன் 2025

ராஜு,

நீ ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. நாளைக்கு ஆபரேஷன். உன்னைக் கிருமி படாமல் வைத்திருப்பதால் நான் மேலே வரக்கூடாதாம். இதைப் பிரியதர்ஷினி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நிலம். வாயை மூடு. ஒரு வருஷத்துக்கு யாரும் நிலத்தைப் பற்றிப் பேசக் கூடாது. இப்போது எழுதி வைத்தால் இதற்கு அது கூலி என்று ஆகிவிடும்.

போன வாரம் கமிட்டியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். எதிரே கேமரா. ஐந்து பேர். ஒரு வயதான டாக்டர் கேட்டார், "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா சிஸ்டர்?"

"கட்டாயப்படுத்தினது நாந்தாங்க. அவன் மாட்டேன்னுதான் நாலு மாசமா ஓடினான்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"உயிருக்கு ஆபத்து வரலாம், தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் கொடுக்கறீங்க?"

என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன், வேதாகம வசனம்கூட இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, "அவன் என் தம்பிங்க" என்றேன். அந்த டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். உலகத்தில் மிகச் சின்ன காரணம் அதுதான், அதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்கப் போகிறார்கள். அதனிடம் பேசிக்கொண்டிருந்தேன். இங்கே இருந்த மாதிரியே அங்கேயும் இரு, அவன் கொஞ்சம் முரடன், நீ பொறுத்துப் போ என்று சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் நான் ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்து ஆமென் போட்டார்.

பிழைத்துக்கொள் ராஜு. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

அக்கா


ஐந்தாம் மாடி
13 ஜூன் 2025

அக்கா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும். நேற்று வரை பேனாவே கொடுக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மோனிஷா கையை ஆட்டிவிட்டுப் போகிறாள்.

பெரிய டாக்டர் வந்து சொன்னார். உன்னுடையதை எடுத்து ஐஸில் வைத்தபோது வெளுத்துக் கிடந்ததாம். என் வயிற்றின் வலது பக்கம் வைத்து, இரத்தக்குழாயைத் தைத்துக் கவ்வியை எடுத்ததும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோஸ் நிறத்துக்கு வந்ததாம். வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன்னாலேயே, அந்த மேஜையிலேயே சிறுநீர் பீய்ச்சியதாம். "இருநூறு ஆபரேஷன் பண்ணியிருக்கேன், இந்த எடத்துல மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷம் கைய நிறுத்திப் பாப்பேன்" என்றார் அவர். மருந்து மயக்கத்தில் கேட்டேன், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாரோ ஒருவன் உடம்பு, புது இடம். அது ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டது.

முதல் நாள் மட்டும் பதினொரு லிட்டர் போயிருக்கிறது. நர்ஸ் மணிக்கு ஒரு தடவை அளந்து எழுதுகிறார். ஒன்றரை வருஷமாக எனக்கு ஒரு சொட்டுக்கூட வந்ததில்லை அக்கா. வெட்கத்தில் மோனிஷாவிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது அந்தக் குழாயில் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். கோயிலில்கூட நான் இப்படிக் கண் எடுக்காமல் பார்த்ததில்லை. தையலுக்குப் பக்கத்தில் கை வைத்தால் சூடாக இருக்கிறது. அது நீ.

உனக்கு வலி அதிகம் என்று பிரியதர்ஷினி மேடம் சொன்னார். வாங்குகிறவனைவிடக் கொடுக்கிறவருக்குத்தான் வலி அதிகமாம். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள் என்று சொல்லச் சொன்னார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க ஒரு நீளமான கடிதம் மனசுக்குள் வைத்திருந்தேன். அவர் இன்னொன்று சொன்னதும் அதெல்லாம் மறந்துவிட்டது.

உன்னை வெளியே கொண்டுவந்து, மயக்கம் பாதி தெளிந்து, நீ கண் திறந்தாயாம். பெயர் என்ன என்று கேட்டார்களாம், சொல்லவில்லை. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்களாம், அதற்கும் பதில் இல்லை. நர்ஸ் கையைப் பிடித்து இழுத்து, ஒன்றே ஒன்று கேட்டாயாம்.

"அவன் ஒன்னுக்குப் போனானா?"

போனேன் அக்கா. போய்க்கொண்டே இருக்கிறேன்.

ராஜு